புதுப்பிப்பு: சென்னை டாக்டர் வாட்ஸப்பில் தந்த மருந்துச்சீட்டு

சென்னை டாக்டர் வீடியோவில் பார்த்து எழுதிய மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மருந்து) சீட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் ஃபார்மசியில் செல்லுமா என்பதுதான் முந்தைய பதிவின் கேள்வி. செல்லாது. அது பி பிரிவு மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் ஃபார்மசியில் தருவார்கள்; 1952 விஷச் சட்டப்படி மலேசியாவில் பதிவுபெற்ற டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கான 1997 டெலிமெடிசின் சட்டத்தைச் சிலர் காட்டியிருந்தீர்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோடு சரி, அமலுக்கு வராமலே கிடக்கிறது. பிடிமானம் 1971 மருத்துவச் சட்டம்தான்: மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு, கூடவே நடப்பு ஆண்டுக்கான ஏபிசி (APC) எனும் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ். அது டிசம்பர் 31-ல் காலாவதியாகும், எனவே ஜனவரியில் மறுபடி பாருங்கள்.

காசு கட்டுமுன் மன்றத்தின் இணையதளத்தில் டாக்டரின் பெயரைத் தேடுங்கள். முழுப்பெயர் கேட்டு வாங்குங்கள். ‘டாக்டர் குமார்’ என்று தட்டினால் ஊர்ப்பட்ட குமார்கள் வருவார்கள்.