ஆஸ்பத்திரி வளாகத்தில் கட்டட வேலை: பாதுகாப்பைப் பார்ப்பது யார்?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் புதிய கட்டடம் எழும்புகிறது. புறநோயாளிகள் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நடைக்கு நேர்மேலே சாரம் கட்டியிருக்கிறார்கள், வலை இல்லை. மருத்துவ அலுவலரைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறார். உண்மையில் பொறுப்பு யாருடையது?

மறுமொழி (ஓய்வுபெற்ற பொறியாளர், பாளையங்கோட்டை):
அரசு மருத்துவமனைக் கட்டடங்களைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறையே கட்டுவதால், ஒப்பந்தத்திலுள்ள பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு அதன் பொறியாளரே முதலில் பதில் சொல்ல வேண்டியவர். தொழிலாளர் பாதுகாப்பை ஆய்வு செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 500 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்புக் குழுவைக் கேட்டது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பாதுகாப்பு அலுவலரைக் கேட்பது 250 பேருக்கு. கொத்தனாரும் சித்தாளுமாக 40 பேர் நிற்கும் தாலுகா மருத்துவமனைக்கு இரண்டுமே எட்டாது என்பதுதான் என் வருத்தம்.

மறுமொழி (செவிலியர், தென்காசி):
அண்ணாச்சி சொன்னது தொழிலாளருக்கு. நோயாளிக்கு வரும் கேடு வேறு. பழைய சுவரை இடிக்கும்போது எழும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் பறக்கும். நலமாக இருப்பவரை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாவிட்டாலும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரின் நுரையீரலைப் பற்றிக்கொள்ளும். ஆடி மாத மேல்காற்றுக்கு வெறும் தார்ப்பாய் தாங்காது. தரையிலிருந்து கூரைவரை தடுப்பு வேண்டும், இடிக்குமுன் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. ஒப்பந்த நிபந்தனைகளின் நகலுக்குத் தகவல் உரிமை மனு போடுகிறேன். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால், வரிசையை மறுவாசலுக்கு மாற்றும்படி நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.