ஜன்னலோரத்துப் பூண்டு

குடும்பக் குழு: நம் வீட்டுச் சொந்தங்கள்

நான், காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. வெயில் விழுகிற இடம் என்றால் கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னல் ஒன்றுதான். கூடையில் கிடந்த பூண்டில் ஆறு பற்கள் பச்சையாக முளைவிட்டிருக்கின்றன. எறிய மனம் வரவில்லை. தொட்டியில் ஊன்றினால் முழுப் பூண்டு கிடைக்குமா, பெரியப்பா?

அம்மா, காலை 7:30
போன ஆண்டு நானும் நட்டுப் பார்த்தேன். தாள் நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான்கு மாதம் காத்திருந்து பிடுங்கியபோது, பல் பிரியாமல் சின்ன வெங்காயம்போல ஒரே உருண்டையாக இருந்தது. எனக்குக் கைராசி இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பெரியப்பா, காலை 8:05
அதற்கும் கைராசிக்கும் தொடர்பு இல்லை. பூண்டுக்குக் குளிர் போதவில்லை, அவ்வளவுதான். நட்ட பல் சில வாரங்களாவது நல்ல குளிரை உணர்ந்தால்தான் உள்ளே பல பற்களாகப் பிரியும். குளிர் கிடைக்காவிட்டால் நீ பார்த்ததுபோல ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடும். பகல் நீளமாக இருக்க வேண்டும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அது குளிர்நாட்டு வகைகளுக்குப் பொருந்தும். நம் கொடைக்கானலில் பகல் பொழுது சென்னையைவிட நீளமானது அல்ல, ஆனாலும் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிக்கட்டு வயல்களில் பூண்டு திரண்டு விளைகிறது என்றால், அது அந்த மலைக் குளிர் தருகிற விளைச்சல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை வேளச்சேரி ஜன்னலில் எதிர்பார்த்து நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தாளுக்காக வளர்த்துப் பார், மகளே, ஏமாற்றமே இருக்காது.

நான், காலை 8:20
தாளைச் சமையலில் சேர்க்கலாமா, பெரியப்பா?

பெரியப்பா, காலை 8:41
தாராளமாகச் சேர்க்கலாம். பல்லைவிடக் காரம் குறைவு, மணம் அப்படியே இருக்கும். பொடியாக அரிந்து முட்டைப் பொரியலிலும் அடைமாவிலும் போடலாம். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லியோடு தூவினால் அந்த மணம் தனி.

ஓர் அரையடி ஆழமுள்ள தொட்டி போதும். அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் தேங்கினால் பூண்டு முதலில் அழுகும், அதன் பிறகுதான் நமக்கே தெரியவரும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள். பற்களைப் பிரித்தெடுக்கும்போது மேல்தோலை உரித்துவிடாதே. கூர்முனை மேலேயும் தட்டையான வேர்ப்பகுதி கீழேயும் இருக்கும்படி, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். முழுப் பூண்டுக்கு நான்கு அங்குல இடைவெளி தேவைப்படும்; தாளுக்கு இரண்டு அங்குலம் போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று.

சித்தி, காலை 9:10
அத்தான், எங்கள் வீட்டில் தொட்டி வைக்கக்கூட இடம் இல்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வளர்க்கலாம் என்கிறார்களே, அது சரியா?

பெரியப்பா, காலை 9:26
வளரும், ஆனால் வேர்ப்பகுதி மட்டுமே தண்ணீரைத் தொட வேண்டும்; பல் முழுவதும் மூழ்கினால் இரண்டே நாளில் நாற்றம் எடுத்துவிடும். தினமும் தண்ணீரை மாற்று. பல்லில் இருக்கும் சத்து தீரும்வரைதான் அதில் தாள் வரும் என்பதால் ஒன்றிரண்டு முறை வெட்டியதும் வேறு பல் வைக்க வேண்டியிருக்கும்.

அக்கா, காலை 9:48
வீட்டில் பூனையோ நாயோ வளர்ப்பவர்கள் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பூண்டும் வெங்காயமும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை, தாளும் அப்படித்தான். இளந்தாளைப் புல் என்று நினைத்து எங்கள் பூனை கடித்துவிடுமோ என்ற அச்சத்தில், நான் தொட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

பெரியப்பா, காலை 9:55
நல்லவேளை சொன்னாய், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பரணில் வெளிச்சம் இருக்காதே, தாள் வெளுத்துப் போகும். பூனை ஏற முடியாத ஜன்னல் மேல்தட்டு ஏதாவது இருந்தால் அங்கே மாற்றிவிடு.

(பதினெட்டு நாள்களுக்குப் பிறகு)

நான், மாலை 6:15
பெரியப்பா, ஆறு பற்களில் ஐந்து தழைத்து முக்கால் அடி உயரத்துக்கு நிற்கின்றன. ஒன்று மட்டும் அழுகிவிட்டது. அந்த மூலையில் தொட்டியின் துளை அடைத்திருந்ததை இன்றுதான் கவனித்தேன். இப்போது வெட்டலாமா?

பெரியப்பா, மாலை 6:22
வெட்டலாம். அடியோடு அறுக்காமல் ஓர் அங்குலம் விட்டுவிட்டு வெட்டு, மறுபடி துளிர்க்கும். அழுகிய பல்லை இன்றே எடுத்து எறிந்துவிட்டு, துளையைக் குச்சியால் குத்திச் சரிசெய்.

நான், இரவு 8:40
துளையைச் சரிசெய்துவிட்டேன். இன்று அடைமாவில் தாள் போட்டேன். பிள்ளைகள் இரண்டாவது அடையும் கேட்டுச் சாப்பிட்டார்கள்.