மறு: மறு: கேஸ் பில்லில் வரும் 'கலோரிஃபிக் வேல்யூ' – தமிழில் என்ன போடலாம்?

சா. (லண்டன்):
எல்லாருக்கும் வணக்கம். இங்கே கிழக்கு லண்டனில் முதியோருக்காகக் கேஸ் பில்லை விளக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்று செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீட்டர் காட்டுவது கனமீட்டர், பில் காசு கேட்பது கிலோவாட் மணிக்கு. கனமீட்டரை 1.02264ஆல் பெருக்கி (வெப்பநிலை, அழுத்தத்துக்கான திருத்தம்), கலோரிஃபிக் வேல்யூவால் (ஒரு கனமீட்டர் எரிந்தால் வரும் வெப்பம்) பெருக்கி, 3.6ஆல் வகுக்க வேண்டும். அது 39.5 என்றால் 20 கனமீட்டர் 224 சொச்சம் கிலோவாட் மணி ஆகிவிடும். "20 எரிச்சதுக்கு 224 போட்டிருக்கிறான், பச்சைக் களவு" என்று ஒரு ஐயா போன கிழமை சண்டைக்கு வந்துவிட்டார். அந்த 39.5க்கு ஒரு பெயர் தாருங்கள். 'கலோரிப் பெறுமானம்'?

இரா. (சென்னை):
எங்கள் பாடப்புத்தகத்தில் 'கலோரி மதிப்பு'. அதையே போடுங்களேன். புதிதாக எதற்கு?

சா.:
கலோரி என்றால் எங்கட ஆட்களுக்கு டொக்டர் குறைக்கச் சொன்ன சோறு. அதோடு பில்லில் இருப்பது கலோரியே இல்லை, மெகாஜூல்.

வெ. (மதுரை):
முதலில் 'வாயு', 'கேஸ்' இரண்டையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள். 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும்' என்று தொல்காப்பியம் வளியைக் கையில் கொடுத்திருக்கிறது. எரிவளி! கலோரிக்கு மூலம் இலத்தீன் 'கலோர்'. நம் 'கனல்'தான் அங்கே போய்க் 'கலோர்' ஆனது என்பது என் நெடுநாள் துணிபு. ஆகவே 'கனலளவு'. பெறுமானம் வேண்டாம், 'மானம்' வடமொழி.

க. (யாழ்ப்பாணம்):
ஐயா, கட்டுமானம், பிடிமானம், வருமானம் எல்லாம் தமிழ் வினையடியில் ஒட்டி நிற்கின்றனவே, அவற்றையும் நாடு கடத்துவதா? அளவு என்ற பொருளில் வரும் வடமொழி 'மான'மும் கிரேக்க 'மெட்ரோ'னும் ஒரே வேர் என்கிறார்கள். மீட்டரை 'மானி' ஆக்கினாலும் அதே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இரா.:
கனமீட்டருக்குப் பக்கத்தில் கனலளவு வந்தால் கண் தடுக்கும். 'எரிதிறன்'?

க.:
பாய்லரின் திறமை என்று நினைப்பார்கள். இன்னொன்று: எரிவாயு வினைத்தொகை. முக்காலமும் எரியும். எரிந்ததற்கும் பில், மீட்டர் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டு அனுப்புகிறார்களே, இனி எரியப்போவதற்கும் பில். இலக்கணம் தெரிந்துதான் செய்கிறார்கள்!

இரா.:
ஒன்றுமே எரிக்காவிட்டாலும் நாள் கணக்கில் ஒரு கட்டணம் உண்டாமே. அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எரியா வாயு.

வெ.:
எரியா வளி.

சா.:
உங்களோடு பெரிய கரைச்சல். பெயர் பிழைத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கு, ஒரு யூனிட் 2.83 கனமீட்டர். கனமீட்டர் காட்டும் மீட்டரைக் கம்பனி கன அடி என்று பதிந்து வைத்திருந்தால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மீட்டர் முகத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடப்போகிறேன். 39.5க்கு 'வெப்பப் பெறுமானம்', கீழே 'ஒரு கனமீட்டர் எரிந்தால் வரும் வெப்பம். வாயுவின் கலவையைப் பொறுத்து மாறும்'. பில்லில் தேடிப் பிடிக்க வேண்டுமே, அதனால் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் விடுகிறேன். சரியா?

இரா.:
சரி. 'மதிப்பு' என்றால் இன்னும் சரி.

க.:
சரி.

வெ.:
அச்சுக்குப் போவது போகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'துண்டுப்பிரசுரம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் 'பிரசுரம்' பற்றித் தனி இழையில் வருகிறேன்.