கே-ஆன்: பள்ளி முடிந்த பிறகு வந்த அந்த இரண்டு தொகுதிகள் தேவையா?

வெண்பலகை எழுதியது:

கே-ஆன் என்ற ஜப்பானிய அனிமேயின் (கார்ட்டூன் தொடரின்) இரண்டாம் சீசனை மூன்றாவது முறை பார்த்து முடித்த கையோடு, இத்தனை நாள் தள்ளிப்போட்டு வந்த தொடர்ச்சி மாங்காவையும் (சித்திரக்கதையையும்) படித்துவிட்டேன். 'காலேஜ்' ஒரு தொகுதி, 'ஹைஸ்கூல்' ஒரு தொகுதி. இரண்டும் 2012-இல் புத்தகமாக வந்தவை. படித்ததிலிருந்து மனது சரியில்லை. இவை வராமலே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

அனிமே மட்டும் பார்த்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் 2010 வரை 'மாங்கா டைம் கிராரா' இதழில் ககிஃப்ளை வரைந்த நான்கு கட்ட மாங்காதான் மூலம். யுய், மியோ, ரித்ஸு, முகி நான்கு பேரும் தங்கள் பள்ளியில் மூடப்போகும் நிலையில் இருந்த லைட் மியூசிக் கிளப்பைப் பிழைக்க வைக்கிறார்கள். அடுத்த வருடம் அசுஸா வந்து சேர்கிறாள். நால்வரும் பள்ளி முடிப்பதோடு மூலக்கதை நிற்கிறது. 2011 ஏப்ரலில் அதே ஆசிரியர் மறுபடி தொடங்கினார். நால்வரின் கல்லூரிக் கதை கிராராவில் வந்தது. பள்ளியில் தங்கிவிட்ட அசுஸாவின் கடைசி வருடம் 'கிராரா காரட்' என்ற இன்னொரு இதழில் வந்தது. 2012 நடுவில் இரண்டும் முடிந்துவிட்டன.

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேக் சாப்பிடுவதுதான் கே-ஆன். அந்த மேசையை இரண்டாக அறுத்து இரண்டு இதழ்களில் போட்டுவிட்டார்கள். ஒன்றில் அசுஸா இல்லை. மற்றதில் அந்த நால்வர் இல்லை. எதைப் படித்தாலும் ஒரு நாற்காலி காலியாக இருப்பது போலவே தோன்றுகிறது.

நாலுகட்டம் எழுதியது:

சகோ, நான் மாங்காவிலிருந்து வந்தவன், அதனால் எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. நால்வரும் ஒரே பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போவது தொடர்ச்சியில் புதிதாக முளைத்த விஷயம் இல்லை. மியோ தனக்குக் கிடைத்த பரிந்துரை இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு தேர்வு எழுதுகிறாளே, அதை அனிமேயிலேயே பார்த்தோம். நால்வரும் தேர்வானதும் துள்ளினோம். அப்போது துள்ளிவிட்டு, அவர்கள் உண்மையிலேயே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஏன் போனீர்கள் என்று கேட்பது நியாயமா? அசுஸாவைப் பிரித்தது தொடர்ச்சி மாங்கா இல்லை, அவளுடைய வயது. அவள் ஒரு வருடம் சின்னவள். அந்தப் பிரிவு அவள் கிளப்புக்குள் வந்த நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

வெண்பலகை எழுதியது:

போவார்கள் என்று தெரிவது வேறு, போன பிறகு என்ன செய்தார்கள் என்று பார்ப்பது வேறு. அனிமேயின் கடைசி அத்தியாயத்தில் அசுஸா அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் உடைந்து, பள்ளியை விட்டுப் போகாதீர்கள் என்று அழுகிறாள். நால்வரும் அவளுக்காகவே எழுதிய பாட்டை அவளை உட்காரவைத்து வாசிக்கிறார்கள். கேட்டு முடித்து, அவ்வளவு நன்றாக வாசிக்கவில்லை, ஆனால் இன்னும் கேட்க வேண்டும் என்கிறாள். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? அந்த நொடிக்குப் பிறகு வருவது எதுவானாலும் அந்த அழுகையின் எடை குறையும். 'காலேஜ்' தொகுதியில் விடுதி அறையில் யுய் வழக்கம்போல உருண்டுகொண்டிருக்கிறாள். சிரிப்பு வருகிறது, ஆனால் எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வந்து தொந்தரவு செய்கிறது.

பேஸ் தேவி எழுதியது:

வெண்பலகை சொல்வதில் ஒரு விஷயம் பிரித்துப் பார்க்க வேண்டியது. நாம் அழுதது யாருடைய வேலையைப் பார்த்து?

கணக்கு போட்டுப் பாருங்கள். 2009-இல் வந்த முதல் சீசன் பன்னிரண்டு அத்தியாயங்களுக்குள் இரண்டு பள்ளி வருடங்களை ஓட்டிவிடுகிறது. 2010-இல் வந்த இரண்டாம் சீசன் மூன்றாம் வருடம் ஒன்றுக்கே இருபத்து நான்கு அத்தியாயங்கள் எடுத்துக்கொள்கிறது. மாங்காவில் ஒன்றிரண்டு பக்கங்களில் கடந்துபோகும் ஒரு மழை நாள் அங்கே அரை மணி நேரம் ஆகிறது. இயக்குநர் யமாடா நவோகோவுக்கு இது முதல் தொடர். முகத்தைக் காட்டாமல் கால்களைக் காட்டியே தயக்கத்தையும் துள்ளலையும் சொல்லிவிடுவார். திரைக்கதையைக் கட்டியவர் யோஷிடா ரெய்கோ. இருபதாம் அத்தியாயத்தில் கடைசிப் பள்ளி விழா முடிந்ததும் ஐவரும் கிளப் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த வருடம் அது செய்வோம், இது செய்வோம் என்று பேசிக்கொண்டே போய், அடுத்த வருடம் என்று ஒன்று தங்களுக்கு இல்லை என்பது உறைத்து அழுகிறார்களே, அந்தி வெளிச்சம் அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தைக் கொடுத்தது அனிமேயை எடுத்த ஸ்டூடியோவான க்யோட்டோ அனிமேஷன்.

ககிஃப்ளையின் வடிவம் வேறு. மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள், நான்காவதில் ஒரு சிரிப்பு, உடனே அடுத்த நான்கு. அந்த வடிவத்தில் அந்தி இறங்குவதற்கு இடமே கிடையாது. 2011-இல் அவர் மறுபடி பேனா எடுத்தபோது தன் கதையைத்தான் தொடர்ந்தார். வாசகர்களில் பெரும்பாலோர் யமாடாவின் கதையின் தொடர்ச்சியைத் தேடி வந்தார்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்ததுதான் சிக்கல்.

பேஸ் வாசிக்கிறவள் என்பதால் மியோ பக்கம் சாய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஐவரையும் சமமாகவே நேசிக்கிறேன்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

அக்கா சொன்னதையே நான் இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறேன். 2011 டிசம்பர் 3-ஆம் தேதி கே-ஆன் திரைப்படம் வந்தது. அப்போது தொடர்ச்சி மாங்கா எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நால்வரும் காகிதத்தில் கல்லூரியில் இருக்கிறார்கள். ஆனால் படம் எங்கே போகிறது? பள்ளி முடிவதற்கு முன்னால் திரும்பிப்போய், லண்டன் பயணத்தையும் அசுஸாவுக்கான பாட்டு எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்கிறது. கதவைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கவில்லை. ஸ்டூடியோ தொடர்ச்சியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாலுகட்டம் எழுதியது:

தேதிகளைச் சரியாக வைத்துப் பேசுவோம். இரண்டாம் சீசன் 2010 செப்டம்பரில் முடிந்தபோதே படம் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். தொடர்ச்சி மாங்கா தொடங்கியது 2011 ஏப்ரலில். இல்லாத ஒன்றைப் படித்துவிட்டு ஒதுக்க முடியாது. படம் எடுத்தவர்கள் தங்களுக்குப் பிடித்த இடத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

பேஸ் தேவி, நீங்கள் சொன்ன இரண்டு கதை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பழியைத் தூக்கி ககிஃப்ளை தலையில் வைப்பது எனக்கு வலிக்கிறது. 2009 ஜூலையில் அந்த ஐவர் இசைக்குழுவின் பெயரில் வந்த மினி ஆல்பம் ஓரிகான் என்ற ஜப்பானிய இசை விற்பனை வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அனிமே பாத்திரங்களின் பெயரில் வந்த ஆல்பம் அங்கே முதலிடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. மாதம் சில பக்கம் சின்னச் சின்னச் சிரிப்பாக வரைந்த ஒருவருடைய கதை அந்த உயரத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு அவர் எதை வரைந்தாலும் அதன் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். அவர் செய்தது துணிச்சலான காரியம் என்பேன். 'காலேஜ்' தொகுதியில் வதா அகிராவைக் கொண்டு வந்தார். இசையை உயிராக நினைக்கும் பெண். டீ குடித்துக்கொண்டே இசைக்குழு நடத்தும் யுய்யின் கூட்டத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, நீங்கள் இதை எவ்வளவு தூரம் எடுத்துப் போகப் போகிறீர்கள் என்று கேட்கவைத்தார். பள்ளிக்குள் யாருமே கேட்காத கேள்வி அது.

வெண்பலகை எழுதியது:

கேட்கவைத்தார், சரி. பதில் எங்கே? ஒரே ஒரு தொகுதி. அகிரா, அயாமே, சச்சி என்று மூன்று புதுப் பெண்கள், புது விடுதி, புது கிளப். எல்லாருக்கும் அறிமுகம் முடிவதற்குள் புத்தகமே முடிந்துவிடுகிறது. பள்ளிக் கதைக்கு நான்கு தொகுதி கிடைத்தது. கல்லூரிக்கும் அதே பொறுமை கிடைத்திருந்தால் ஒருவேளை நான் இந்த இழையைத் தொடங்கியே இருக்கமாட்டேன்.

அப்புறம் பள்ளிக்கூடம் என்பது இந்த வகைக் கதைக்கு வெறும் இடம் இல்லை. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஒரு கடிகாரம். மூன்று வருடம்தான் என்று எல்லாருக்கும் தெரிவதால்தான் ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானம் அவ்வளவு அருமையாக இருக்கிறது. கல்லூரியில் அந்தக் கடிகாரம் இல்லை. நேரம் தாராளமாக இருக்கிறது, அதனால் எதுவும் மனதைத் தொடவில்லை.

பேஸ் தேவி எழுதியது:

அஸுமா கியோஹிகோவை நினைத்துக்கொள்கிறேன். அஸுமாங்கா தைஓவும் நான்கு கட்ட மாங்காதான். 1999-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. பாத்திரங்களின் மூன்று பள்ளி வருடமும் வாசகர்களின் மூன்று வருடமும் கூடவே நடந்தன. பள்ளி முடிந்ததும் கதையை முடித்துவிட்டு, அடுத்த வருடம் யோட்சுபா என்ற சின்னப் பெண்ணின் கதைக்குப் போய்விட்டார். 2009-இல் பத்தாவது ஆண்டுக்காக மறுபடி அந்தப் பெண்களை வரைந்தபோது என்ன செய்தார்? அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. 'துணைப்பாடம்' என்ற பொருளில் பெயர் வைத்து, அந்த மூன்று வருடங்களுக்குள்ளேயே விட்டுப்போன நாட்களை வரைந்தார். நமக்குத் தெரிந்த வகுப்பறைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரக் கிடைத்தது. எனக்கு அதுதான் சரியான வழி என்று படுகிறது.

நாலுகட்டம் எழுதியது:

லக்கி ஸ்டார்? யோஷிமிஸு ககாமி கொனாதா கூட்டத்தைக் கல்லூரிக்கு அனுப்பித் தொடர்ந்து வரைந்தாரே. யாரும் உடைந்துபோகவில்லை.

பேஸ் தேவி எழுதியது:

உடைவதற்கு அங்கே எதுவும் கட்டப்படவில்லை. 2007-இல் வந்த அந்த அனிமே பள்ளி விழா மேடை ஏறும் தருணத்தோடு முடிகிறது, பிரிவைத் தொடவே இல்லை. வாசகனும் யாரையும் வழியனுப்பாமல் அவர்களோடு கல்லூரிக்கு நடந்து போய்விடலாம். கே-ஆன் நம்மை ரயில் நிலையம் வரை கூட்டிப்போய்க் கையசைக்க வைத்துவிட்டது.

மாடிப்படி ஆமை எழுதியது:

எல்லாரும் 'காலேஜ்' பற்றியே பேசுகிறீர்கள். 'ஹைஸ்கூல்' தொகுதிக்காகப் பேச ஒருவராவது வருவார் என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை.

என் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அனிமேயில் வரும் பள்ளிக்கு மாதிரி ஷிகா மாகாணத்தில் இருக்கும் பழைய தோயோசாதோ தொடக்கப்பள்ளி. 1937-இல் வோரிஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அதன் படிக்கட்டுக் கைப்பிடியில் முயலும் ஆமையும் போட்டி போட்டுக்கொண்டு ஏறும். அந்தப் படியில் மெதுவாகக் கடைசியாக ஏறி வருகிறவள்தான் அசுஸா.

நான் பள்ளியில் எங்கள் கூட்டத்திலேயே சின்னவள். என்னோடு பேச்சுப்போட்டிக்கு வந்த அக்காக்கள் எல்லாரும் ஒரே வருடம் போய்விட்டார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அதே அறை, அதே மேசை, நான் மட்டும் இருந்தேன். போகிறவர்களுக்குப் பாட்டும் பூங்கொத்தும் உண்டு. தங்குகிறவர்களின் மறுநாள் காலையைப் பற்றி யாரும் எதுவும் எழுதுவதில்லை. வெண்பலகை, நீங்கள் அந்தப் பாட்டோடு நிறுத்த வேண்டும் என்கிறீர்கள். அப்படி நிறுத்தினால் அசுஸா என்றென்றைக்கும் அழுதுகொண்டேதான் இருப்பாள்.

'ஹைஸ்கூல்' தொகுதியில் அவள் தலைவி. அவளுடைய வகுப்புத் தோழிகள் உயியும் ஜுன்னும் கூட வருகிறார்கள். முதல் வருடத்திலிருந்து இரண்டு பேர் சேர்கிறார்கள். முகியின் வீட்டில் வளர்ந்த சுமிரே டீ செட்டை எடுத்துப்போகத்தான் கிளப் அறைக்குள் வருகிறாள், கடைசியில் டிரம்ஸ் முன்னால் உட்காருகிறாள். நாவோவுக்கு எந்தக் கருவியும் கைவரவில்லை. அசுஸா அவளைத் துரத்தவில்லை, கணினியில் பாட்டு அமைக்கும் வேலையை நாவோ எடுத்துக்கொள்கிறாள். ஆரம்பத்தில் 'ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள்' என்று சீனியர்களை விரட்டிய அதே அசுஸா, இப்போது ஜூனியர்கள் பயப்படாமல் இருக்க டீ போடுகிறாள். நால்வரிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது என்ன என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. வெண்பலகை, நீங்கள் கேட்ட கடிகாரமும் அங்கே இருக்கிறது. அது அவளுடைய கடைசி வருடம்.

கடைசி பெஞ்ச் எழுதியது:

இதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. படம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், நாலுகட்டம் தந்த தேதிகள் சரி.

அப்படியானால் இன்றைக்கு 'ஹைஸ்கூல்' மட்டும் அனிமேயாக வந்தால் பார்ப்பீர்களா?

நாலுகட்டம் எழுதியது:

பார்ப்பேன். வேண்டிய இடத்தில் மாற்றும் துணிச்சலோடு எடுக்க வேண்டும். அதே ஸ்டூடியோ எடுத்த, பள்ளி இசைக்குழு பற்றிய ஹிபிகே யூஃபோனியத்தின் 2024-இல் வந்த மூன்றாம் சீசனைப் பாருங்கள் (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்). மூல நாவலில் நாயகி குமிகோவுக்குக் கிடைக்கும் சோலி (தனித்து வாசிக்கும் பகுதி) அனிமேயில் மயு என்ற இன்னொரு மாணவிக்குப் போகிறது. மூலத்தை மதித்துக்கொண்டே தாங்கள் வளர்த்த கதைக்கு எது பொருந்தும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் கையில் கிடைத்தால் ஒரே தொகுதியும் போதும்.

பேஸ் தேவி எழுதியது:

எனக்குத் தயக்கம்தான். யமாடா இப்போது வேறு ஸ்டூடியோவில் வேலை செய்கிறார். 2019 ஜூலையில் க்யோட்டோ அனிமேஷனில் வைக்கப்பட்ட தீயில் முப்பத்தாறு பேர் போய்விட்டார்கள். அதே கைகள் மறுபடி கூடி வரைய வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ககிஃப்ளையே 2018-இல் 'ஷஃபிள்' தொடங்கியபோது வேறு பள்ளி, வேறு பெண்கள் என்றுதான் போனார். அந்த ஐவரை அவர் திரும்பக் கூட்டிவராததில் எனக்கு நிம்மதி.

வெண்பலகை எழுதியது:

இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். 'ஹைஸ்கூல்' தொகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல்முறை படித்தபோது நால்வரைத் தேடிக்கொண்டே பக்கம் புரட்டினேன் என்று இப்போது தெரிகிறது. இந்த முறை அசுஸாவை மட்டும் பார்த்தேன். மாடிப்படி ஆமை, டீ போடும் இடம் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அந்தத் தொகுதி வராமல் இருந்திருக்கலாம் என்று சொன்னதை எடுத்துவிடுகிறேன்.

'காலேஜ்' விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அகிராவின் கேள்விக்கு நாலுகட்டம் ஒரு பதில் கண்டுபிடித்துச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நாலுகட்டம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் 'காலேஜ்' தொகுதியை நீங்களும் இன்னொரு தடவை படித்துவிடுங்கள், இந்த முறை அசுஸாவைத் தேடாமல்.