ஒவ்வொரு தடவையும் மூன்று பி.டி. பீரியட் மிஞ்சுகிறது, டைம்டேபிள் போட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

சாக்பீஸ்தூள்:

வணக்கம். எங்கள் பள்ளியில் இத்தனை வருடம் டைம்டேபிள் போட்டுக்கொண்டிருந்த சார் ஓய்வு பெற்றுவிட்டார், "நீங்க கணக்கு டீச்சர்தானே, உங்களுக்கு இதெல்லாம் சுலபம்" என்று அந்த வேலை இப்போது என் தலையில். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, இன்னும் முடிந்தபாடில்லை.

மொத்தம் 14 செக்‌ஷன். 6 முதல் 9 வரை மூன்று மூன்று, 10-ல் இரண்டு. வாரம் 5 நாள், நாளுக்கு 8 பீரியட், நான்காவது முடிந்ததும் மதிய இடைவேளை, இரண்டாவதும் ஆறாவதும் முடிந்ததும் சின்ன இடைவேளை. ஆசிரியர்கள் 22 பேர். கம்ப்யூட்டர் மேடம் திங்கள், புதன், வெள்ளி மட்டும் வருவார், 8, 9, 10 வகுப்புகளுக்கு வாரம் ஒரு முறை லேபில் சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட். 9-ம் வகுப்பில் இரண்டாம் மொழிக்கு மூன்று செக்‌ஷன் பிள்ளைகளையும் கலைத்து மூன்று குழுவாகப் பிரிப்பார்கள், அதனால் அந்த நேரம் மூன்றுக்கும் ஒன்றாக வர வேண்டும். பி.டி. சார் ஒருவர்தான், எல்லா செக்‌ஷனுக்கும் வாரம் இரண்டு. முதல் இரண்டு பீரியடிலும் சாப்பிட்டு வந்ததும் ஐந்தாவதிலும் பி.டி. கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். கணக்கு எல்லாருக்கும் காலையிலேயே, முதல் இரண்டு பீரியடுக்குள் வேண்டும் என்பதும் அவர் ஆசை.

எக்செலில் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வந்தால் கட்டம் சிவப்பாகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் அழகாக உட்கார்ந்துவிடும். கடைசியில் பி.டி., ஓவியம், நூலகம் போடும்போதுதான் சிக்கல். மூன்று பி.டி. மிஞ்சும். அவற்றை நுழைக்க ஒன்றை நகர்த்தினால் அது இன்னொன்றைத் தள்ளும், அது வேறொன்றைத் தள்ளும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி மூன்று மிஞ்சி நிற்கும், ஆனால் வேறு செக்‌ஷனில். போன வாரம் 7-பி, நேற்று 9-ஏ. எங்கே தப்பு செய்கிறேன்?

எட்டாவது பீரியட்:

டீச்சர், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுப் பெருக்கிப் பாருங்கள். 14 செக்‌ஷனுக்கு இரண்டு என்றால் பி.டி. சாருக்கு 28 பீரியட். அவருக்கு அனுமதி உள்ளவை 3, 4, 6, 7, 8, அதாவது நாளுக்கு ஐந்து, வாரத்துக்கு 25. 28-ஐ 25-க்குள் எப்படி அடைப்பீர்கள்? மூன்று மிஞ்சத்தான் செய்யும். செக்‌ஷன் மாறிக்கொண்டே இருந்தும் எண்ணிக்கை மாறவில்லை பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

நான் பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், முதல் வருடம் இதே மாதிரி ஒரு லேபை வைத்துக்கொண்டு அழாத குறை. இப்போதெல்லாம் முதல் நாள் கட்டத்தையே தொடுவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு ஆசிரியருக்கும், லேபுக்கும், மைதானத்துக்கும் எத்தனை பீரியட் தேவை, எத்தனை கிடைக்கும் என்று இரண்டு பத்தி எழுதிவிடுவேன். தேவை பெரிதாக இருக்கும் வரியை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விடுவேன். நீங்களும் போங்கள், "முடியவில்லை சார்" என்று சொல்லாமல் 28, 25 என்று எழுதிக் காட்டுங்கள். இரண்டாவது பீரியடை மட்டும் பி.டி.க்குத் திறந்துவிட்டால் 30 ஆகிவிடும், தாராளம். அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று இடத்தில் இரண்டிரண்டு செக்‌ஷனைச் சேர்த்து மைதானத்துக்கு அனுப்பலாம், ஆனால் அப்போது சரியாக 25-க்கு 25, மூச்சுவிட இடமில்லை, அவ்வளவு இறுக்கமாக வைத்தால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் கணக்கு. நீங்கள் எத்தனை பேர்?

சாக்பீஸ்தூள்:

ஐயோ. கணக்கு டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. பி.டி.தானே, எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கடைசிக்குத் தள்ளிவிட்டேன். கணக்குக்கு மூன்று பேர் சார், எல்லா செக்‌ஷனுக்கும் வாரம் ஆறு.

எட்டாவது பீரியட்:

அப்படியென்றால் தேவை 84. முதல் இரண்டு பீரியடில் மூன்று பேர், ஐந்து நாள், எல்லாம் சேர்த்து 30-தான். கணக்கு எல்லாருக்கும் காலையிலேயே என்பது ஆசையாகவே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் வாரத்தில் இரண்டு முறை காலையில் கணக்கு கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். 28 போக இரண்டு மீதி இருக்கும், அதை 10-ம் வகுப்புக்குக் கொடுத்தால் பெற்றோர்களும் சும்மா இருப்பார்கள்.

போடும் வரிசையையும் தலைகீழாக மாற்றுங்கள். எது நகராதோ அது முதலில். கம்ப்யூட்டர் மேடத்துக்கு 8 ஜோடி வேண்டும், இடைவேளை நடுவில் வராமல் 1-2, 3-4, 5-6, 7-8 என்று நாளுக்கு நான்கு, மூன்று நாளுக்கு 12, ஆக இடம் இருக்கிறது. அடுத்து 9-ம் வகுப்பு மொழி, ஏனென்றால் அதில் ஒரு கட்டம் நகர்ந்தால் மூன்று செக்‌ஷனும் மூன்று ஆசிரியர்களும் கூடவே நகர வேண்டும். மூன்றாவதாக பி.டி.யைப் போடுங்கள். கணக்கும் அறிவியலும் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும், அவை கடைசியில்.

ராத்திரி நிரல்:

எட்டாவது சார் சொன்னதற்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது, நான் கம்ப்யூட்டர் ஆசிரியர், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லா ஆசிரியரும் எல்லா நேரமும் இருப்பார்கள், ஒரு பீரியடுக்கு ஒரு ஆசிரியர் ஒரு வகுப்பு, வேறு நிபந்தனையே இல்லை என்றால், ஆசிரியரோ வகுப்போ, யாருடைய எண்ணிக்கையும் வாரத்தின் 40 பீரியடைத் தாண்டாதவரை டைம்டேபிள் கட்டாயம் போட முடியும். 1916-ல் கோனிக் என்ற கணித அறிஞர் நிரூபித்த தேற்றத்திலிருந்து இது வந்துவிடும். "இவர் செவ்வாய் வரமாட்டார்", "அவருக்கு முதல் பீரியட் வேண்டாம்" என்று சேர்க்க ஆரம்பித்ததும் எண்ணிக்கை சரியாக இருந்தும் போட முடியாத நிலை வரலாம். அந்த வகைக் கணக்கு என்பி-கம்ப்ளீட் என்று ஈவன், இடாய், ஷமிர் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் 1976-ல் காட்டினார்கள், அதாவது எல்லாச் சூழலுக்கும் வேகமாக விடை தரும் குறுக்குவழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. ஆகவே மூன்று ஞாயிறு போனதற்காக வருத்தப்பட வேண்டாம்.

எக்செலை விட்டுவிட்டு ஃபெட் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நீங்கள் கையால் செய்த அதே தள்ளு முள்ளு வேலையைத்தான் அதுவும் செய்கிறது, இடம் இல்லாவிட்டால் அங்கே இருப்பதைத் தூக்கி வேறு இடம் தேடும், அது சலிக்காமல் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். முடியாமல் நின்றால் எந்தப் பாடவேளையில் திணறியது என்று காட்டும். விவரங்களை உள்ளே ஏற்ற ஒரு முழு நாள் போய்விடும், அதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா நிபந்தனையையும் 100 சதவீதம் என்று போட்டுவிடாதீர்கள், ஒரே பாடம் ஒரே நாளில் இரண்டு முறை வரக்கூடாது போன்றவற்றை 95 என்று வைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

வருகைப்பதிவேடு:

மென்பொருள் எல்லாம் சரி, டைம்டேபிள் சுவரில் ஒட்டிய மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிப்பதை யாருமே சொல்லவில்லையே. மணி அடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் போன் செய்து காய்ச்சல் என்பார். உங்கள் கணக்குப்படி 22-ல் 14 போக எந்த பீரியடிலும் எட்டுப் பேர், கம்ப்யூட்டர் மேடம் வராத நாளில் ஏழு பேர், ஃப்ரீயாக இருப்பார்கள், ஆள் கிடைக்காமல் போகாது. ஆனால் அவர்களில் இரண்டு பேர் தொடர்ந்து மூன்று வகுப்பு எடுத்துவிட்டு அப்போதுதான் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருப்பார்கள், வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாத இன்னொருவர் தலையில்தான் எப்போதும் விழும். நான் சப்ஸ்டிட்யூஷனுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயருக்கு நேரே கோடு, அவ்வளவுதான். கோடு குறைவாக இருப்பவருக்கு முதலில். அந்த நோட்டு ஸ்டாஃப் ரூம் மேஜையில் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம், அது வந்த பிறகு சண்டை பாதியாகிவிட்டது. முடிந்தவரை அதே வகுப்புக்கு வேறு பாடம் எடுப்பவரையே அனுப்புங்கள், அவருக்குப் பாடம் ஓடும், மற்றவர் போனால் "சத்தம் போடாமல் படி"தான்.

சாக்பீஸ்தூள்:

எல்லாருக்கும் நன்றி. தாளில் 28, 25 என்று எழுதிக்கொண்டு போனேன், தலைமையாசிரியர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாவது பீரியடைத் திறந்துவிட்டார். மூன்று ஞாயிறு ஆகாத வேலை! ஃபெட்டில் விவரம் ஏற்றத்தான் வெள்ளி, சனி இரண்டு நாளும் சாயங்காலம் ஆனது, ஓட்டியதும் சில நிமிடத்தில் வந்துவிட்டது, ஒரு கட்டம்கூட மிஞ்சவில்லை. அச்சடித்து ஒட்டியும் விட்டேன். ஒட்டிய பிறகுதான் பார்க்கிறேன், ஓவிய டீச்சருக்கு ஐந்து நாளும் எட்டாவது பீரியட். நாளைக்குக் காலையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

எட்டாவது பீரியட்:

கடைசி பீரியட் வாரத்துக்கு இத்தனைதான் என்று சொல்ல மறந்திருப்பீர்கள், சொல்லாததை மென்பொருள் கண்டுகொள்ளாது. இப்போது மறுபடி முழுசாக ஓட்டாதீர்கள், மற்ற எல்லாம் கலைந்துவிடும். நன்றாக இருப்பதைப் பூட்டி வைத்துவிட்டு அந்த ஐந்தில் மூன்றை மட்டும் கையால் மாற்றுங்கள். முதலில் உங்கள் கணக்கு பீரியடில் ஒன்றை வெள்ளி எட்டாவதுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டைம்டேபிள் போட்டவரே வெள்ளி எட்டாவதில் நின்றால் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் ஏன் இந்தப் பெயர் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?