வேலையை விடுவது விசுவாசமா, அசட்டுத் துணிச்சலா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியிலேயே டியூஷன் சென்டர் தொடங்கலாம் என்று ரொம்ப நாளாக மனதில் ஓடுகிறது, வீட்டுக்காரரும் ஜெபம் பண்ணிவிட்டு சரி என்றுதான் சொல்கிறார், ஆனால் வீட்டுக் கடன் தவணை இருக்கிறது, அத்தைக்கு மாத்திரைச் செலவு வேறு.

சபையில் கேட்டால் இரண்டு பக்கமும் வசனம் வருகிறது. ஒருவர் பைபிளில் மத்தேயு 14-ல் பேதுரு இயேசுவை நம்பிப் படகைவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்ததைச் சொல்கிறார், இன்னொருவர் லூக்கா 14-ல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைக் காட்டுகிறார். என்னைக் கேட்டால் இரண்டும் மோதவில்லை. பேதுருகூட இயேசு "வா" என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். எனக்கு அந்த "வா" வந்துவிட்டதா என்பதுதான் தெரியவில்லை. தன் யூத ஜனத்தைக் காப்பாற்றப் போன ராணி எஸ்தருக்கு அப்படி ஒரு சத்தமும் கேட்டதாக எழுதவில்லை (பைபிளில் அவள் பெயரில் உள்ள புத்தகத்தில் தேவனுடைய பெயரே கிடையாது), மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு, அழைக்காமல் போனால் மரண தண்டனை என்று தெரிந்தும், செத்தாலும் பரவாயில்லை என்று ராஜாவிடம் போய் நின்றாள்.

மாதச் சம்பளத்தை விட்டவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள்? அப்படி வைத்தது அவிசுவாசம் என்று உறுத்தியதா? வருமானம் நிலையில்லாத மாதங்களில் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எப்படிக் கொடுத்தீர்கள்? அப்புறம், நஷ்டப்பட்டவர்களும் தயவுசெய்து எழுதுங்கள், சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஜெயித்த கதை மட்டும்தான் காதில் விழுகிறது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார் சிஸ்டர்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், ப்ளீஸ். ஏப்ரல் முடிவதற்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும்.