எரேமியா 29:11: வாக்குத்தத்த அட்டையிலிருந்து முழு அதிகாரத்துக்குப் போவது எப்படி?

கேள்வி (உசிலம்பட்டி)
தோத்திரம். புதுவருஷ ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். வாலிபர் கூட்டத்தில் அதை வைத்து ஒரு மணி நேரம் வேதபாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது பழைய திருப்புதல் வேதாகமமும் ஒரு நோட்டும்தான், விளக்கவுரை இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1 (பசுமலை)
பிரதர், விளக்கவுரை இல்லாததே நல்லது. அதை முதலில் திறந்தால் நம் கண் வேலை செய்யாது. 28, 29 அதிகாரங்கள் இரண்டையும் சேர்த்து, சத்தமாக, இரண்டு தடவை வாசியுங்கள். பிறகு 29:1-14ஐ வசன எண் போடாமல் நோட்டில் எழுதுங்கள். வலது பாதி காலியாக இருக்கட்டும், குறிப்புக்கு.

இது ஒரு கடிதம். யார், யாருக்கு, எப்போது என்பது முதல் மூன்று வசனத்திலேயே இருக்கிறது. பின்னணிக்கு 2 இராஜாக்கள் 24:10-17 (அங்கே யோயாக்கீன், இங்கே எகொனியா, இருவரும் ஒரே ராஜா). கி.மு. 597இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள்தான் இதை வாசித்தவர்கள்.

அடுத்து, யார் செய்தது என்று கோடு போடுங்கள். 1ஆம் வசனத்தில் கொண்டுபோனவன் நேபுகாத்நேச்சார்; 4ஆம் வசனத்தில் "நான்தான் போகப்பண்ணினேன்" என்கிறார் கர்த்தர். இதைத் தாண்டிப் போய்விட்டால் 11 வெறும் ஆறுதல் வாசகமாகிவிடும்.

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை உடைத்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். எரேமியாவின் கடிதமோ 70 வருஷம் என்கிறது. வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவை. அப்படியென்றால் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை. 11ஆம் வசனம் அவர்களுக்குச் சொன்னது.

பதில் 2 (திருமங்கலம்)
தம்பி, 14ஓடு நிறுத்திவிடாதீர்கள், 32 வரைக்கும் போங்கள். செமாயா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் பதில் கடிதம் அனுப்பி, எரேமியாவை ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்கிறான். கடிதம் அங்கே எப்படிக் குத்தியது என்பது 28ஆம் வசனத்தில் தெரியும்.

நேரம்: வாசிக்க 10 நிமிஷம், கவனிக்க 25, அர்த்தத்துக்கு 15, நமக்கு என்ன என்பதற்கு 10. பெரும்பாலும் கெடுவது தொடக்கத்தில்தான்: "இந்த வசனம் உங்களோடு என்ன பேசிச்சு?" என்று கேட்டால் சாட்சிகள் ஆரம்பித்துவிடும், அதிகாரம் மூடிவிடும். முதல் அரைமணி நேரம், வசனத்தில் விரல் வைத்துப் பதில் காட்டக்கூடிய கேள்வி மட்டும் கேளுங்கள். "7ஆம் வசனத்தில் யாருக்காக ஜெபிக்கச் சொல்கிறார்?" என்பது போல. பிடித்துவைத்திருக்கும் பட்டணத்துக்காக! பிள்ளைகளே நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி அக்கா. அப்போ 11ஐ நமக்கு எடுத்துக்கொள்ளவே கூடாதா?

பதில் 1
எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 4 முதல் 10 வரை கழற்றிவிட்டு அல்ல. தம் ஜனத்தைக் கைவிடாத தேவன் என்பது மாறவில்லை. இந்த வருஷத்துக்குள் வேலை கிடைக்கும், விசா வரும் என்று அது சொல்லவில்லை. அட்டையை வாங்கினவர்கள் மனம் உடையாமல் இதைச் சொல்லுங்கள். அந்த ஆறுதல் நிஜமானது.

தானியேல் 9:2-3ஐக் கடைசியில் வாசிக்கக் கொடுங்கள். எரேமியா சொன்ன 70 வருஷத்தைப் படித்தறிந்த தானியேல், கணக்கு முடியட்டும் என்று சும்மா இருக்கவில்லை. உபவாசத்தோடும் இரட்டோடும் (துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத்துணி) ஜெபத்துக்குப் போகிறார். ஜெபம்பண்ணி, முழு இருதயத்தோடும் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்னும் எரேமியா 29:12-13ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.